நாலாம் நம்பர் மாலை

மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கேந்திப்பூ மாலை கிடந்தது. தசராவுக்குப் போட்டது, ஒரு மாதத்தில் வற்றல் மிளகாய் நிறத்துக்கு வந்திருந்தது. உறைமேல் 'சாட்சிப் பொருள் 1' என்று மராத்தியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பூஜை மாலையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது புனே பக்கத்துப் பிம்ப்ரியிலேயே இந்த ஒரு கம்பெனியாகத்தான் இருக்கும் என்று சேவியர் நினைத்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். இன்று கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, சாவி இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எதிர் நாற்காலியில் அம்ருதா, வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாத கை. நான்கு வருடம் காண்ட்ராக்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டியவள். பாதுகாப்புக் கருவியை மாலையால் மறைத்துத் தானே விபத்தை வரவழைத்துக்கொண்டாள் என்பது கம்பெனியின் குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போகும். கம்பெனியின் தவறு என்று ஆனால், அவளை நிரந்தரமாக்கி உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று தந்தாக வேண்டும் என்று யூனியன் மல்லுக்கு நின்றது. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டிருந்த அந்த மனிதருக்கு பிரஸ் என்றால் செய்தித்தாள்தான் தெரியும் போலிருந்தது.

சேவியர் தூத்துக்குடிக்காரர், போபோடியில் குடியிருப்பு. இருபத்தாறு வருடமாக இங்கே எலெக்ட்ரீஷியன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், ஆனால் தசராவுக்கு மெஷின்களுக்கு மாலை கட்டுவது மட்டும் அவர்தான். பக்தியால் அல்ல. எந்த இடத்தில் பூ தொங்கினால் மெஷின் முரண்டு பிடிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் முன்னால் இரண்டு தூண்கள். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதில் விரலோ துணியோ குறுக்கிட்டால் மெஷின் கீழே இறங்காது. பூவுக்கும் விரலுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை.

இந்த வருடம் தன் நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு அம்ருதா தானே மாலை வாங்கி வந்தாள். பிம்ப்ரி மார்க்கெட்டில் இருந்ததிலேயே பெரியது. "என் மெஷினுக்கு நான்தான் கட்டுவேன், காகா" என்று சித்தப்பா முறை வைத்துச் சேவியரிடம் சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறி, இரண்டு தூணுக்கும் நடுவே தோரணமாகக் கட்டிவிட்டாள். முதலாளி தேங்காய் உடைத்துவிட்டு முதல் அடியைத் தன் காலால் போட பெடலை மிதித்தார். மெஷின் அசையவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எல்லோர் முகமும் சுண்டியது. மாலையை அவிழ்த்தால் அபசகுனம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்ருதாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் சேவியர் பின்பக்கம் போய், ரிப்பேர் நேரத்துக்கென்றே வைத்திருக்கும் சாவியைப் போட்டுத் திருப்பினார். ஒளியின் பேச்சை மெஷின் அதற்கப்புறம் கேட்காது. டக்கென்று முதல் அடி விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார்.

விடுமுறை முடிந்து வந்ததும் சாவியைத் திருப்பி வைக்கத்தான் போனார். தடங்கலே இல்லாமல் மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்ட ஷிப்ட் மேனேஜர் நிம்பாள்கர், "இருக்கட்டும் பாவு, இந்த ஆர்டர் போகிறவரைக்கும்" என்று அண்ணன் உறவு கொண்டாடிச் சொன்னார். சேவியர் சரி என்றார். சாமி மாலை, தானாகக் காய்ந்து விழட்டும் என்று அதையும் யாரும் தொடவில்லை. பதினோராம் நாள், தகட்டை நேர் செய்ய அம்ருதா மாலைக்குக் கீழே கையை நீட்டியபோது பிரஸ் இறங்கியது. அன்று சாயங்காலமே நிம்பாள்கர், "சாவியைப் பழையபடி திருப்பிவிடு" என்றார். அதற்கும் சேவியர் சரி என்றார். மற்ற ஆபரேட்டர்களுக்கு விஷயம் அரைகுறையாகத் தெரியும். எல்லோரும் காண்ட்ராக்ட், வாயில் கொழுக்கட்டை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அம்ருதா சொன்னதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. "தப்பு என்னுதுதான், காகா. இன்னும் ஒரு சாண் மேல கட்டியிருக்கணும். நானே கட்டுன மாலை என் கையைத் தின்னுடுச்சு." அவர் ஆப்பிள் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, சாவியைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டார்.

நிம்பாள்கர் நேற்று கூப்பிட்டுப் பேசினார். "உன்னைப் பொய் சொல்லச் சொல்லலையே. மாலை இருந்துதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு. மத்ததைப் பேசினா சாவி உன் பொறுப்பு. முதல்ல நீதான் மாட்டுவ." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உண்டு, இந்த மனிதர் மாலையாலேயே மறைக்கப் பார்த்தார்.

நேற்று ராத்திரி வீட்டில் மனைவி பிலோமினா தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே சொன்னாள். "ரிட்டையராக ரெண்டு வருசம் கெடக்கு. இப்பப் போயி வாயத் தொறக்கப் போறியளா? நீங்க சொன்னா அந்தப் புள்ளைக்கு வெரல் முளைக்கவா போவுது?"

"முளைக்காது."

"பெறவு என்னத்துக்கு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டியை மூடி வைத்தாள்.

"மாலை இருந்ததா?" என்று விசாரணையில் வக்கீல் இந்தியில் கேட்டார்.

"இருந்துச்சு."

"கருவியை மறைத்தபடியா?"

"ஆமா."

நிம்பாள்கர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். யூனியனின் ஜெயந்த் பேக்கிங் பிரிவுக்காரன். பிரஸ்ஸின் சூட்சுமம் தெரியாது. அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் காகிதத்தைப் புரட்டினான். அம்ருதா சேவியரைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள். உண்மையைத்தானே சொன்னீர்கள், பரவாயில்லை என்பதுபோல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமப்பவளே பாவத்தைச் செய்தவனுக்கு ஆறுதல் சொல்கிறாள். சேவியர் எழுந்தார். உறையோடு மாலையை எடுத்துக்கொண்டார்.

"மெஷின்கிட்ட வாங்க, சாஹேப். அங்க சொல்றேன்."

நிம்பாள்கர் தடுக்கப் பார்த்தார். "நானும் மெஷினைப் பார்க்க வேண்டியதுதான்" என்று வக்கீல் எழுந்துவிட்டார்.

நாலாம் நம்பர் சும்மா நின்றது. சேவியர் அதே இடத்தில், அதே உயரத்தில் மாலையைக் கட்டினார். பெடலை மிதித்தார். அசையவில்லை. மறுபடி மிதித்தார். அசையவில்லை.

"மாலை இருந்தா இது ஓடாது" என்றார். பிறகு பின்பக்கம் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டு வந்து மிதித்தார்.

பிரஸ் இறங்கிய அதிர்ச்சியில் அம்ருதாவின் தோள் தூக்கிப் போட்டது. சருகுப் பூக்கள் உதிர்ந்து அச்சின்மேல் விழுந்தன. ஜெயந்த் நிம்பாள்கரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப என் கையைத் தின்னது மாலை இல்லையா?" என்றாள் அம்ருதா. அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தச் சாவி யார்கிட்ட இருந்துச்சு, காகா?"

"என்கிட்டதான். நான்தான் திருப்பினேன். இருக்கட்டும்னு இவர் சொன்னாரு. நானும் சரின்னேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. முன்னால் வந்தாள். பூஜைப் பூ நசுங்கக் கூடாது. ஆற்றில்தான் விட வேண்டும். இடது கையை நீட்டி, அச்சின்மேல் கிடந்த இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

சாவி இன்னும் திரும்பியபடியே இருந்தது. சேவியர் பெடலிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். சாவியைத் திருப்பினார். திருப்பிய பிறகும் கையை எடுக்க முடியவில்லை. இரும்பின் இடுக்கு வழியே அவளுடைய ஐந்து விரல்களும் போய்ப் போய் வருவது தெரிந்தது. அவள் கடைசி இதழை எடுத்து முடிக்கும்வரை, யார் கூப்பிடுவதும் காதில் விழாமல், சாவியை இறுகப் பிடித்தபடி நின்றார்.