முடிச்சு விழுந்த சொற்கள்

ஹால் டிக்கெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் காக்கிச் சட்டையின் பைக்குள் போட்டுக்கொண்டார் பஸ் டிரைவர். பெரிய மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். திங்கட்கிழமை பள்ளி இறுதித் தேர்வு. முதல் தாள் ஆங்கிலம்.

"எழுதிட்டு மட்டும் வந்துடறேன்பா."

"எழுதினா பாஸாயிடுவே. அதுதான் சிக்கல்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளை, இதே பரீட்சையில் இரண்டு முறை தவறிப் படிப்பை விட்டவர். லாட்ஜ் நடத்துகிறார். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாதலால், முன்மேசையில் உட்கார்ந்து இங்கிலீஷ் பேச வீட்டோடு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆனால் புருஷன் தாண்டாத பரீட்சையைப் பெண்டாட்டி தாண்டியிருக்கக் கூடாது. தரகர் இதைச் சொன்னபோது டிரைவருக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தத் தெருவில் யாருக்குமே அது விசித்திரமாகப் பட்டிருக்காது. படிப்பு பெண்ணின் வாயில் இருக்கலாம், கையில் சான்றிதழாக இருந்தால்தான் தொல்லை.

அம்மா சட்டைக் கம்பெனிக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. டிரைவர் டூட்டிக்குப் போன பிறகு அவள் சட்டைக் குவியலோடு உட்காருவாள். சின்ன மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடினமான சொல்லாகப் பார்த்துக் கேட்பாள். பெரியவள் பொருள் சொல்ல வேண்டும். சின்னவள் "சரி" என்றால்தான் அம்மா நூலில் முடிச்சுப் போடுவாள். அதுவரை ஊசி அந்தரத்தில் நிற்கும்.

"சீக்கிரம் சொல்லுடி. உன் இங்கிலீஷுக்காகக் கம்பெனிக்காரன் காத்துட்டிருக்க மாட்டான்."

பாடப் புத்தகத்தின் கடைசியில் இருந்த சொற்களெல்லாம் இப்படித்தான் யார் யாரோ போடப்போகும் சட்டைகளில் ஏறிப் போயின. 'ரிலக்டன்ட்' என்றால் மனமில்லாத என்று பெரியவள் சொன்ன அன்று அம்மா சிரித்துவிட்டாள். "உங்கப்பா டூட்டிக்குக் கிளம்பற மாதிரி."

மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். பேச்சு முழுவதும் மாப்பிள்ளையின் அக்காவுடையது. மாப்பிள்ளை தலை குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். லாட்ஜின் அறைகள், புதிதாக வாங்கிய சோபா என்று அளந்துவிட்டு அக்கா விஷயத்துக்கு வந்தாள்.

"இங்கிலீஷ் பிச்சு உதறுவான்னு தரகர் சொன்னார். ரெண்டு வார்த்தை கேக்கலாமா?"

"ரெண்டென்ன, இருபது கேளுங்க," என்றார் டிரைவர். பாடப் புத்தகத்தை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அக்கா கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பொருள் அச்சடித்திருந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டாள். "ரிலக்டன்ட்."

பெரியவள் அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தாள். சாவி அங்கேதான் துருத்திக்கொண்டிருந்தது.

"ரொம்ப ஆசையா," என்றாள்.

அக்காவின் புருவம் ஏறியது. "ஃப்ராஜைல்?"

"கெட்டியானது."

"அபண்டன்ட்?"

"பத்தாக்குறை."

அம்மாவின் கையில் காப்பித் தட்டு அசையாமல் நின்றது. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் எந்த ஓசையோடு எந்தப் பொருள் வரும் என்று தெரியும். இந்த மூன்றுக்கும் எப்போதோ முடிச்சுப் போட்டாயிற்று. இன்று மகள் ஒவ்வொன்றையும் கவனமாகத் தலைகீழாகச் சொல்கிறாள்.

"அக்காவுக்கு இது..." என்று சின்னவள் வாயைத் திறந்தாள். அம்மா தட்டை வைக்கிற சாக்கில் அவள் தொடையைக் கிள்ளினாள்.

மாப்பிள்ளையின் அக்கா புத்தகத்தை மூடினாள். தரகர் எல்லாப் பெண்ணையும் இப்படித்தான் தூக்கி வைத்துப் பேசுவார் போலிருக்கிறது என்று சிரித்தாள். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். செருப்பு மாட்டும்போதே அவர்கள் முகத்தில் பதில் இருந்தது.

கதவைச் சாத்தியதும் டிரைவர் புத்தகத்தைச் சுவரில் வீசினார். இத்தனை நாள் வாங்கிய மார்க்கெல்லாம் வெறும் உருப்போட்ட மார்க்கா, நாலு பேர் முன்னால் மானம் போயிற்றே என்று கத்தினார். பெரியவள் குனிந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். பதில் சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, யாரிடமோ பேசுவது போலச் சொன்னாள்.

"அதான் ஒண்ணும் தெரியலைன்னு ஆயிடுச்சே. போய் எழுதட்டும். எப்படியும் பாஸாகப் போறதில்ல. அடுத்து வர்றவங்ககிட்ட, எங்க பொண்ணும் பெயில்தான்னு தைரியமா சொல்லலாம்."

டிரைவர் யோசித்தார். அது அவருடைய கணக்குதான். மறுத்துப் பேச அதில் இடமே இல்லை. சாவியை எடுத்துத் தரையில் போட்டார்.

"போய் பெயிலாயிட்டு வரட்டும்."

திங்கட்கிழமை காலை, யூனிபார்மில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மகளை வாசலில் நிறுத்தி ஊசியை ஓட்டினாள். கடைசிக் குத்தில் ஊசி நின்றது.

"ரிலக்டன்ட்," என்றாள். அந்தப் புத்தகத்திலிருந்து அவள் தன் வாயால் சொன்ன முதல் வார்த்தை.

"மனசில்லாத."

சின்னவளின் "சரி"க்குக் காத்திராமல் அம்மா முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்தாள்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பெயிலாயிட்டேன்னு வந்து அழக்கூடாது."

"அழமாட்டேன்பா," என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.