வாயை மூடிய சலூன்காரர்

சலூன்காரருக்குக் கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. நாற்காலியில் உட்கார்ந்தவர் தூங்கிவிட்டால் கண்ணாடியில் தெரியும் தன் முகத்தோடாவது பேசுவார். அந்த வாய்தான் இப்போது குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தது.

தெருவைத் தோண்டிப் போட்ட வருஷம் வாடிக்கையாளர் வரத்து நின்றுபோனது. வாடகை, மின்சாரம், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் கிரெடிட் கார்டைத் தேய்த்தார். பள்ளத்தை மூடினார்கள், வட்டியை மூட ஆளில்லை. மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடலாம் என்று வக்கீல் திவால் மனுவோடு காத்திருந்தார். கொடுத்தால் கடன் ஒழியும், சலூனும் கூடவே போகும். பெண்கள் பக்கம் அவர் மனைவி, ஆண்கள் பக்கம் அவர் என்று இருவரும் பார்த்துப் பார்த்து வளர்த்த கடை ஐயா அது! மனைவிக்கு மனம் ஆறவே இல்லை.

"ஒரே தடவையா ஒரு தொகையைக் கட்டறோம், மீதியைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு கேட்டுப் பாருங்க" என்று அவள்தான் வழி சொன்னாள். அவள் தம்பி தன் காரை விற்றுப் பணம் கொடுத்தான். மொத்தக் கடனில் நூற்றுக்கு முப்பத்தைந்து தேறியது. அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாது.

கார்டு அவர் பேரில் இருந்ததால் வங்கி அவரிடம்தான் பேசும். முதல் தடவை வங்கிப் பெண் எழுபது கேட்டாள். "பாவம், உங்களையும் மேல இருக்கறவங்க திட்டுவாங்க இல்லம்மா?" என்று இவர் இளகிச் சரி சொல்லப் போக, மனைவி போனைப் பிடுங்கி அணைத்தாள். அடுத்த தடவை அறுபது. "எங்கயாவது புரட்டிப் பார்க்கறேன்" என்றார். புரட்டுவாராம்! வங்கி அறுபதிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக் காலை மனுவில் கையெழுத்து. மனைவி கடைக்கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைத் தட்டினாள்.

"உட்காருங்க."

"எனக்கெதுக்குடி இப்ப ஷேவிங்?"

"தொகையை மட்டும் சொல்லுங்க. அப்புறம் உங்க வாய் என் பொறுப்பு."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். "முப்பத்தஞ்சு கட்டறேன்மா. இல்லன்னா நாளைக்கு மனுதான். அப்புறம் பாருங்க, உங்க..." அதற்குள் பிரஷ் அவர் உதட்டின் மேல் ஏறியது. வாய் முழுக்க நுரை. மீசை ஓரத்தில் கத்தி வந்து நின்றது.

"முடியாது சார். ஐம்பது."

நுரைக்குள்ளிருந்து சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கார், இருக்கார்" என்றாள் மனைவி.

"சரி, நாற்பத்தஞ்சு."

அவருக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. எவ்வளவு நல்ல பெண், ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? கத்தி அசையவில்லை.

"மேலதிகாரிகிட்ட கேட்டுட்டேன். நீங்க சொன்ன முப்பத்தஞ்சே!"

அவர் கண்ணை உருட்டினார், காலை உதைத்தார். மனைவியோ போனையே பார்த்தபடி கண்ணில் நீர் தளும்பச் சிலையாக நின்றாள். கத்தியை எடுக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

"ஐயோ சார், மனு போட்டுட்டா எங்களுக்கு இதுகூட வராது. சரி, முப்பது! இதுக்குக் கீழ போனா என் வேலை போயிடும்!"

மனைவியின் கை உதறியது. பாதி மீசை நுரையோடு துண்டில் விழுந்தது.

"சரி!" என்று அவர் அலறினார். கண்ணாடி முழுக்க நுரை.

"இப்படிப் பேசாத மனுஷரை நான் பார்த்ததே இல்ல சார்" என்றாள் வங்கிப் பெண். மனைவி சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எழுத்து மூலம் உறுதி வந்த பிறகே பணத்தை அனுப்பினார்கள். மிஞ்சிய ஐந்து, தம்பிக்குத் திரும்பிப் போனது. வக்கீலுக்குப் போன் போட்டு மனுவைக் கிழித்துப் போடச் சொன்னார்கள்.

மனைவி மீதி மீசையையும் எடுக்கத் தொடங்கினாள். அவர் வாயைத் திறந்தார். வங்கிப் பெண்ணின் குரல், மச்சானின் கார், நாளைக்கு வரப்போகும் வாடிக்கையாளர்கள் என்று ஒன்று விடாமல் பேசினார். கத்தியை எடுத்து எடுத்துக் காத்திருந்து, கடைசிவரை அவள் ஒரு தடவைகூட வாயை மூடச் சொல்லவில்லை.