எடுத்துவிட்டாள்

அட்டையில் பாதி தூரம் சரளமாக ஓடிவந்த பேனா ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டது. மாணவர் மன்ற அறையின் தரையில் பெரிய வெள்ளை அட்டையை விரித்து, அது சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைக்கு மூலை தண்ணீர் பாட்டிலும் டிபன் பாக்ஸும் வைத்துவிட்டு, குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள் அவள். கல்லூரியில் அவளுக்கு ‘அச்சு’ என்று பெயர். கையெழுத்து அப்படி. சுவர்ப் பத்திரிகைக்கு யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அவள் விரல் வழியாகத்தான் சுவருக்குப் போகும்.

இப்போது அவள் படியெடுத்துக்கொண்டிருந்தது வக்கீலின் கட்டுரை. வக்கீல் படிப்பது என்னவோ வேதியியல். காலை வணக்கம் சொன்னால்கூட அதற்கொரு மறுப்பு வைத்திருப்பான் என்பதால் அந்தப் பட்டம். கட்டுரையின் தலைப்பு, ‘மேசை எங்கே?’ நூலகத்தின் வாசிப்பு அறை மூலையில் ஒரு வட்ட மேசை இருந்தது. மற்ற இடமெல்லாம் மௌனம், அங்கே மட்டும் பேசலாம். போன வாரம் போனால் மேசையைக் காணோம். தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது.

கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. கோபம் இருந்தது, இரண்டு இடத்தில் சிரிப்பும் வந்தது. ‘முதல்வர் இந்த மேசைக்கு அனுமதி தந்தார்’ என்று ஒரு வரி. அடுத்த வரி: ‘நூலகர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்துவிட்டாள்.’

தந்தார். எடுத்துவிட்டாள். நூலகர் என்று நிமிர்ந்து நடந்துவந்த வாக்கியம், முடிகிற இடத்தில் கால் இடறி விழுந்திருந்தது.

அந்த நூலகர் அவளுடைய சித்தி. அம்மாவின் தங்கை. படிப்புக்காக அவள் தங்கியிருப்பது சித்தி வீட்டில்தான். ‘ள்’ளை ‘ர்’ராக்கினால் தீர்ந்தது, வக்கீலுக்குக்கூடத் தெரியாது. ஆனால் எழுதியவர் சம்மதமில்லாமல் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்பது சுவர்ப் பத்திரிகையின் சட்டம். போன வருடம் ஒரு பேராசிரியர் யாருடைய கவிதையிலோ நாலு வரியை அடித்துவிட்டார் என்று மன்றத்தில் சண்டை போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது வேறு யாருமல்ல, அவளேதான்.

வக்கீலைக் கூப்பிட்டனுப்பினாள்.

“இது என்னடா?”

குனிந்து பார்த்தான். இரண்டு தரம் படித்தான். அவன் முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் அந்தச் சொல்லையே பார்க்கிறவன் மாதிரி இருந்தது. அதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது.

“ஏன், கதையெல்லாம் படிக்கிறியே, அதுல அவள் வந்தாள், அவள் போனாள்னுதான எழுதுறாங்க.”

“அது கதை. கூடவே நடந்து போய் எழுதுறது. நீ அவங்க மேல கேஸ் போடுற. முதல்வருக்கு மட்டும் ‘தந்தார்’ எப்படி வந்துச்சு?”

“தானா வந்துருச்சு.”

“பேசும்போது மேடம் வந்தாங்க, மேடம் சொன்னாங்கன்னுதான சொல்ற. எழுதும்போது அந்த ‘ங்க’ எங்கடா போச்சு?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான். அடக்கியதுமே வாதாடும் முகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஒண்ணு கேக்கவா. அது உன் சித்தியா இல்லாம வேற யாராவதா இருந்தா நீ நிறுத்தியிருப்பியா?”

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். இதே விரல்கள் இதற்கு முன் எத்தனை ‘ள்’களைக் கூசாமல் எழுதியிருக்கும்? விடுதிக் காப்பாளர் பற்றி ஒரு கிண்டல் கவிதை வந்ததே, அதில் என்ன எழுதினேன்? யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. நினைவில்லாததுதான் உறுத்தியது.

“மாத்தணும்னா மாத்திக்கோ. ஆனா நாளைக்கு இன்னொருத்தர் வந்து என் சித்தப்பாவுக்கும் மாத்துன்னா மாத்தணும்,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுதினாள். அவளுடைய மிக அழகான ‘ள்’ளாக அது வந்து விழுந்தது.

மறுநாள் இடைவேளையில் சுவரருகே நின்று, ஒவ்வொருவரும் அந்த வரியைக் கடக்கும்போது கண் தடுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலானவர்களுக்குத் தடுக்கவில்லை. மேசை வேண்டுமா வேண்டாமா என்று பேசிக்கொண்டே போனார்கள். கணிதத் துறை அம்மா ஒருவர் மட்டும் அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே படித்தார். கண்ணாடியில் தூசி இருந்ததா, இல்லையா?

சித்தி மத்தியானம் வந்தாள். சாவிக்கொத்தைக் கையில் அடக்கிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரை, முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிட, நிதானமாகப் படித்தாள். திரும்பும்போது அவளைப் பார்த்து, “எழுத்து தெளிவா இருக்கு,” என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் வீட்டில் சித்தி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் வெங்காயம் உரித்தாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் உரித்த வெங்காயத்தையே இன்னும் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, சமைக்க ஏதாவது மிச்சம் வை,” என்றாள் சித்தி.

“உனக்குக் கோபமா சித்தி?”

கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. உனக்கு. சின்ன வயதிலிருந்து சித்தியை நீ, வா, போ என்றுதான் சொல்கிறாள். அதில் ஒரு நாளும் மரியாதை குறைந்ததாக இருவருக்கும் தோன்றியதில்லை.

சித்தி குளிர்பெட்டி மேல் வைத்திருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “மறுப்பு. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. உங்க சட்டம்தான?”

‘கட்டுரையாளர் மேசையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்’ என்று தொடங்கியது. ‘அவர் கோபப்படுவது நியாயம். சொல்லாமல் எடுத்தது என் தவறு. ஆனால் வீட்டில் படிக்க இடமில்லாமல் இங்கே வருகிற சிலர், அந்தப் பேச்சுச் சத்தத்தால் படிக்க முடியவில்லை என்றார்கள். அவர்களுக்குச் சுவரில் எழுதிக் கேட்கத் தெரியவில்லை. கட்டுரையாளர் விரும்பினால் நேரில் வரலாம். அவர் சொல்லும் இடத்தில் மேசையைப் போட முடியுமா என்று பார்க்கலாம்.’

படியெடுக்கும்போது அவளுக்கு விரல் கூசியது. வக்கீலை, தேர்வு அறைக்கு ஒற்றைச் செருப்போடு வந்த அந்த வக்கீலை, இதுவரை யாரும் ‘அவர்’ என்று எழுதியதில்லை. ஒவ்வொரு ‘ர்’ரும் சுவரில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வக்கீல் அதன் முன்னால் வெகு நேரம் நின்றான்.

“உங்க சித்தி என்னைக் கிண்டல் பண்றாங்களா?”

“தெரியலடா.”

“நிஜமாவே மரியாதையா?”

“அதான் தெரியலன்றேன்ல. போய்க் கேளு.”

“என்னன்னு கேக்க? ஏன் மேடம் என்னை அவர்னு எழுதினீங்கன்னா?” கழுத்தைச் சொறிந்தான். “பேனா இருக்கா?”

கொடுத்தாள். தன் கட்டுரையில் அந்தச் சொல்லருகே கொண்டுபோய்ப் பிடித்தான். எழுதியவன் அவன், அவன் மாற்றலாம், சட்டம் தடுக்காது. “இப்ப மாத்தினா பயந்துட்டான்னுவாங்க,” என்று முணுமுணுத்தான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். மறுபடி வாங்கினான். பிறகு, அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, நூலகத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

அவள் வாசிப்பு அறையின் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே தலைகள் புத்தகங்களில் கவிழ்ந்திருந்தன. சித்தியின் மேசை முன்னால் வக்கீல் கைகளைக் கட்டினான், பிரித்தான், எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலி முதுகில் வைத்தான். சித்தி எதிரே கை காட்டினாள். உட்கார்ந்தான். அந்த அறையில் குரல் எழுப்ப முடியாததால் இருவரும் தலையை முன்னால் நீட்டி உதடுகளால் மட்டும் பேசினார்கள். வக்கீல் ஏதோ சொன்னான். சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் உதடுகள் ‘நீ’ என்று விரிவது தெளிவாகத் தெரிந்தது.

அதற்குப் பின்னால் ஒரு ‘ங்க’ இருந்ததா? அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அது தொண்டையில் பிறக்கிற ஒலி. உதட்டில் தெரிவதில்லை.