ஒரே பச்சை

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் நெல் வயலில் மேற்குப் பாதி மேடு, சரளை மண். எவ்வளவு உரம் போட்டாலும் தின்றுவிடும். கிழக்குப் பாதி பள்ளம், களிமண். அங்கே யூரியா கொஞ்சம் கூடினாலும் பயிர் கொழுத்து, கதிரோடு சாய்ந்துவிடும். அதனால் மேட்டுக்கு இரண்டு பங்கு, பள்ளத்துக்கு ஒரு பங்கு என்று நான்தான் பிரித்து இறைப்பேன். உரமும் வீணாகாது, விளைச்சலும் குறையாது.

திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் என் கொழுந்தன் பார்த்திபன் பாகம் கேட்டு வந்தான். வரப்பில் நின்று பார்த்தான். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரே உயரம், ஒரே பச்சை.

"மேட்டுல மண்ணு சரியில்ல தம்பி. அந்தப் பக்கம் எடுக்கறவங்களுக்குக் கொஞ்சம் சேர்த்து வுடணும்" என்றேன்.

"இன்னா அண்ணி, எல்லாம் ஒரே மாதிரிதான நின்னுக்கினு இருக்குது? நடுவுல கயிறு புடிச்சிடலாம்."

இளையவன்தான் முதலில் பாகம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். ரோட்டை ஒட்டிய பள்ளத்தை எடுத்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் முருகையன் மண்டையை மண்டையை ஆட்டினார். இத்தனை வருஷம் மேட்டைப் பள்ளத்துக்குச் சமமாக விளைய வைத்த என் கையே எனக்குச் சரளையை அள்ளிக் கொடுத்துவிட்டது.

அடுத்த போகத்தில், நட்ட பயிர் வேர் பிடித்ததும் பார்த்திபன் யூரியா மூட்டையோடு வந்து நின்றான்.

"எவ்ளோ போடணும் அண்ணி?"

நான் மேட்டில் இறைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி நிலம்தான தம்பி. நான் போடற அளவே நீயும் போடு."