அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட நாம்பன்

1.

இந்தக் கதை என் மனதில் ஊறிக் கிடந்து பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படியொன்றும் இல்லை. மகேந்திரராஜா அண்ணை ரெலிபோனில் கேட்டார், எனக்கு மறுக்கத் தெரியவில்லை. மெல்பேர்ணில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தமிழ்ச் சஞ்சிகை வருகிறது. அதன் ஆசிரியர், வெளியீட்டாளர், தபால்காரர் எல்லாம் அவர்தான். இம்முறை வசந்தகாலச் சிறப்பிதழாம்.

"மண்வாசனையோட ஒண்டு தாரும். ஆனா ஊர் மண் வேண்டாம். போனமுறை முழுக்கப் பனங்கூடல். இந்த நாட்டு மண்ணா இருக்கட்டும்."

இந்த நாட்டு மண்ணில் எனக்குச் சொந்தமாக இருப்பது, மெல்பேர்ண் புறநகரான ரோவிலில் என் வீட்டுப் பின்வளவில் தக்காளிக்கென்று கடையில் பையோடு வாங்கிய மண் மட்டும்தான். வாசனை இருந்தது. கோழியெரு என்று பையிலேயே எழுதியிருந்தார்கள்.

என் மனைவி றம்யா வழி சொன்னாள். அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஸ்ரான்லி மேற்கே சமவெளியில் மாட்டுப்பண்ணை வைத்திருக்கிறார். மன்னாரிலிருந்து வந்து, பல வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, பிறகு குடும்பமாகக் காணி வாங்கியவர். "அங்க நிண்டுபோட்டு வாங்கோ. கதை வராட்டியும் பரவாயில்ல, நல்ல பால் கொண்டு வரலாம்."

(அது இறைச்சிக்காக மாடு வளர்க்கும் பண்ணை. அங்கே பால் கன்றுகளுக்கு மட்டும்தான். எனக்கு வழிகாட்டியவருக்கே இது தெரியாது என்பதிலிருந்து இந்தக் கதையின் தரத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.)

2.

முதல் தொடக்கம்: "வசந்தம் சமவெளியின்மேல் பச்சைப் போர்வையை—"

விட்டுவிட்டேன். போர்வை என்று எழுதும்போதே கை கூசியது.

இரண்டாவது தொடக்கம்: "கன்று பூமியைத் தொட்டபோது ஸ்ரான்லி கண்ணை மூடிப் பிரார்த்தித்தார்."

பொய். கன்று பூமியைத் தொட்டபோது ஸ்ரான்லி அண்ணை தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு, அச்சில் ஏற்ற முடியாத தமிழில் பசுவோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தொடக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வசந்தத்தில் அங்கே காலை வேலை, புதிதாகக் கன்று போட்ட பசுக்களைத் தேடிப் போவதுதான். அண்ணை கன்றை அமத்திப் பிடித்துக் காதில் இலக்கத் தகட்டைக் குத்துவார். தாய்ப்பசுவுக்கும் அவருக்கும் நடுவில் நான் நிற்க வேண்டும். நின்றேன். பசு என்னைப் பார்த்த பார்வையில் இலக்கிய ஆர்வம் துளியும் இல்லை. பிறகு இளம்புல்லை அளவுக்கு மிஞ்சித் தின்று வயிறு ஊதிய மாடு ஏதும் உண்டா என்று பார்ப்போம். வேலிக் கம்பி இறுக்குவோம். தண்ணீர்த் தொட்டியை உரஞ்சிக் கழுவுவோம். மக்பை என்ற கறுப்புவெள்ளைப் பறவை இந்த மாதங்களில் தன் கூட்டைக் காக்கிறேன் என்று மனிதர்களின் தலையைக் கொத்தும். அதை ஏமாற்ற அண்ணை தொப்பியின் பின்புறத்தில் இரண்டு கண் வரைந்திருந்தார். அதில் ஒன்று மாறுகண்.

தாயில்லாக் கன்றுகளுக்குக் சமையல் குசினி வாசலில் வைத்துப் போத்தலில் பால் பருக்குவது ஞானமலர் அக்காவின் வேலை. ஸ்ரான்லி அண்ணையின் மனைவி. இந்தக் கதை அவர் கைக்குப் போயிருக்கவே கூடாது. போய்விட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை.

3.

இனி வருகிற பாத்திரத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குப் பயம். அது ஒரு நாம்பன்.*

(* இன்னும் முற்றாத இளங்காளையை எங்களவர்கள் நாம்பன் என்பார்கள். இந்த நாம்பன் முற்றிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.)

இரண்டு வசந்தங்களுக்கு முன், இவர்களின் மகன் டினேஷ் நாலு சில்லுப் பூட்டிய பண்ணை மோட்டார்சைக்கிளில் மாடுகளைச் சாய்த்துக்கொண்டுவரப் போனான். வாய்க்கால் விளிம்பில் அது புரண்டு அவன்மேல் விழுந்தது. இடுப்பெலும்பு நொருங்கிவிட்டது. ஸ்ரான்லி அண்ணை அதைத் தனியாகத் தூக்கி மகனை வெளியே இழுத்திருக்கிறார். எப்படித் தூக்கினேன் என்று இப்போதும் தெரியாது என்றார். ஹெலிகொப்டர் வந்து மெல்பேர்ணுக்குக் கொண்டுபோனது. அதில் தாய்க்கு இடமில்லை. ஞானமலர் அக்கா மேய்ச்சல் நிலத்தில் நின்றபடி, இன்று பிறந்து விழுகிற முதல் கன்று உமக்குத்தான் என்று அந்தோனியாருக்கு நேர்ந்தார். பின்னேரம் ஒரு காளைக்கன்று விழுந்தது.

டினேஷ் பிழைத்தான், நடக்கிறான், சிட்னிப் பக்கம் பரமட்டாவில் வேலை பார்க்கிறான். சத்திரசிகிச்சை செய்தவர்களின் திறமை என்கிறார் அண்ணை. அக்கா அதை மறுக்கவில்லை. அவர்களுக்கு அந்தக் கையைக் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கிறார்.

ஊரில் என்றால் நேர்ந்த கன்றைக் கோயிலில் கொண்டுபோய் விடுவார்கள், திருவிழாவில் ஏலம் போகும், நேர்த்திக்கடன் தீர்ந்துவிடும். இங்கேயும் கன்றைக் கழுவி, கழுத்தில் நீல ரிபன் கட்டி, ட்ரெய்லரில் ஏற்றி ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோனார்கள். அது ஒக்ரோபர் முதல் வாரம், இந்த நாட்டில் வசந்தம். அந்த வாரம் வளர்ப்புப் பிராணிகளை ஆசீர்வதிக்கும் வழக்கம் அந்தக் கோயிலில் இருந்தது. இது இவர்களுக்குத் தெரியாது. நேர்த்தி என்றால் என்னவென்று பங்குத்தந்தைக்கும் தெரியாது. நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஒரு முயலுக்கும் பின்னால் வரிசையில் நின்ற கன்றின்மேல் அவர் மகிழ்ச்சியோடு தீர்த்தம் தெளித்தார், படம் எடுத்தார், கன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"பாதர், இது உங்களுக்கு" என்றாராம் அக்கா. அவர் சிரித்தபடி அடுத்த ஆமைக்குப் போய்விட்டாராம்.

[இந்த இடத்தில் நம்பிக்கைக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விரிசல் பற்றி ஒரு நீண்ட பந்தி இருந்தது. வாசித்த றம்யா கொட்டாவி விட்டாள்.]

4.

நேர்ந்துவிட்ட விலங்கில் குறை இருக்கக்கூடாது என்று அக்கா அதை நலமடிக்க, அதாவது காயடிக்க, விடவில்லை. விளைவை விவசாயம் தெரியாத நானே ஊகித்துவிட்டேன். இந்த வசந்தத்தில் நாம்பன் வேலியைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்துப் பண்ணையின் உயர்சாதிப் பசுக்களிடம் போய்வந்தது. ஒருமுறை அல்ல. இன்னொருமுறை வந்தால் நானே சுடுவேன் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியருகே நின்று சொன்னார். கோபமாக அல்ல, வானிலை சொல்வதுபோல.

நாம்பன் போயாக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. பண்ணை வாசலிலிருந்து செம்மண் பாதை நேரே போய்ப் பெருந்தெருவில் முட்டும். அந்தச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கணேசலிங்கம் அண்ணையின் காணி. ஓய்வுபெற்ற கணக்காளர், மச்சமாமிசம் தொடாத சிவபக்தர். நல்ல வேலி உண்டு, மாடு கிடையாது. அந்தோனியாரின் நாம்பனுக்குத் தான் அடைக்கலம் தருவதாக, சிரிக்காமல், அவர் சொல்லியிருந்தார். வலப்பக்கம் திரும்பினால் மாட்டுச் சந்தை. அங்கே போகிற காளை எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் டினேஷும் வீடியோக் கோலில் இருந்தான். இடுப்பில் வைத்த தகடுகளை எடுக்க, அடுத்த வாரம் புதன்கிழமை அவனுக்குக் கடைசிச் சத்திரசிகிச்சை.

"இட்ஸ் ஜஸ்ற் எ புல், அம்மா" என்றான்.

"அது உனக்குப் பதிலா நிக்கிற சீவன்" என்றார் அக்கா. "அதுக்கு ஒண்டு நடந்தா எனக்கு நித்திரை வராது, ராசா. புதனுக்கு முன்னம் எண்டா நான் செத்துப்போவன்."

"இடப்பக்கம்தான் போகுது, ஞானம்" என்றார் அண்ணை. "கணேசலிங்கத்தாரிட்டச் சொல்லியாச்சு."

மறுநாள் காலை லொறி வந்தது. நாம்பன் ஏற மறுக்கும், பெரிய காட்சியாக இருக்கும் என்று நான் பேனையோடு நின்றேன். அது தன்பாட்டில் நடந்து ஏறியது. அண்ணை சாரதியிடம் என்னவோ சொன்னார். தூரத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அக்கா குசினியை விட்டு வெளியே வரவில்லை. நான் கேற்றைச் சாத்திவிட்டு வீதியைப் பார்த்தேன். லொறி செம்மண் பாதையில் போய், சந்தியில் கொஞ்சம் தாமதித்து, சமிக்ஞை விளக்கைப் போட்டு,

[இந்த வசனத்தை முடித்திருந்தேன். அழித்துவிட்டேன்.]

அண்ணை வீதியைப் பார்க்கவில்லை. ஒரு குச்சியால் சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

5.

எப்படி முடிப்பது? யோசித்த முடிவுகளைக் கீழே தருகிறேன்.

அ) இடப்பக்கம். கணேசலிங்கம் அண்ணை திருநீற்றுத் தட்டோடு வரவேற்கிறார். மதநல்லிணக்கம். மகேந்திரராஜா அண்ணைக்கு மிகவும் பிடிக்கும், தலையங்கத்திலும் குறிப்பிடுவார்.

ஆ) வலப்பக்கம். யதார்த்தவாதம். நண்பர்கள் பாராட்டுவார்கள், ஞானமலர் அக்கா என்னோடு வாழ்நாளில் கதைக்கமாட்டார்.

இ) நாம்பன் லொறியிலிருந்து பாய்ந்து தப்பி—

இல்லை. அவ்வளவுக்கு நான் இறங்கமாட்டேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனபோது ஸ்ரான்லி அண்ணை கோல் எடுத்தார். "தம்பி, அந்தப் புத்தகம் எப்ப வருது?"

"ஞாயிற்றுக்கிழமை, அண்ணை."

பின்னால் ஒரு கன்று கத்தியது. "புதனுக்குப் பிறகு போடேலாதோ?"

நான் மகேந்திரராஜா அண்ணையைக் கேட்டேன். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்றாம், சிற்றுண்டிக்கு ரோல்ஸ் ஓடர் கொடுத்தாயிற்றாம், பிரதம விருந்தினர் சிட்னியிலிருந்து ரிக்கெற் போட்டுவிட்டாராம். ஒரு நாம்பனுக்காக ஒரு விழாவை ஒத்திவைத்தவர்கள் நம்மவரில் இல்லை.

6.

அடுத்த நாள் ஞானமலர் அக்கா கோல் எடுத்தார்.

"கதை வாசிச்சனான், தம்பி. றம்யா அனுப்பினவள். அந்தச் சந்தியில ஒரு வசனத்தை அழிச்சுப்போட்டியள்."

"ஓம் அக்கா."

"அழிச்சது நல்லது. எந்தப் பக்கம் திரும்பினது எண்டு நான் உங்களைக் கேக்கமாட்டன். உங்களுக்குப் பொய் சொல்ல வராது."

கதை எழுதுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

"கணேசலிங்கம் அண்ணைக்கு ஒரு கோல் எடுத்தாத் தெரிஞ்சிடும்" என்றார் பிறகு. "போனைக் கையில எடுக்கிறன், வைக்கிறன். இவரையும் கேக்கேல்ல. இவர் ராவில எழும்பி இருக்கிறார், எனக்குத் தெரியும். மோட்டார்சைக்கிளுக்குக் கீழ இருந்து பிள்ளையை இழுத்த மனிசன், தம்பி. அவரைப் பொய்யன் எண்டு நான் இப்ப அறியக்கூடாது."

வேடிக்கையாக எழுதத் தொடங்கிய கதையில் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

"புதன்கிழமை அவனை ஒப்பரேசன் தியேட்டருக்குள்ள கொண்டுபோகேக்க நான் அந்தோனியாரோட கதைக்க வேணும். அது உசிரோட நிக்குது எண்டு நெஞ்சறியச் சொல்ல எனக்கு ஒரு இடம் வேணும். கோயில் நாம்பனை எடுக்கேல்ல. சரி, உங்கட கதைக்குக் குடுத்திட்டன். நேர்த்தி உங்களிட்ட வந்திட்டுது."

"அக்கா, இது வெறும் கதை."

"அதுக்குள்ளயாவது அதைச் சாகவிடாதேங்கோ. வைக்கிறன், கன்றுக்குப் பால் குடுக்கோணும்."

7.

ஆகவே வாசகரே, ஆயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட ஒரு கதைக்குள் இப்போது நன்றாக வளர்ந்த ஒரு காளை நிற்கிறது. இதை எங்கே கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் மாநகரசபை இரண்டு பூனைகளுக்குமேல் அனுமதிக்காது.

முடிவு கேட்காதீர்கள். லொறியைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டேன். சமிக்ஞை விளக்கை நானே அணைத்தேன். சாரதி இறங்கிச் சிகரெட் பற்றவைத்திருக்கிறார், அவருக்கு அவசரமில்லை. இதை நீங்கள் ஞாயிறு வெளியீட்டு விழாவில் ரோல்ஸ் தின்றபடி வாசித்தாலும், திங்கள் ரயிலில் வாசித்தாலும், செவ்வாய் ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வெட்டித் தரும்வரை வாசித்தாலும், லொறி அங்கேதான் நிற்கும். புதனுக்குப் பிறகு வாசிக்கிறவர்களுக்கு டினேஷ் எப்படி இருக்கிறான் என்று தெரிந்திருக்கும். இதை எழுதுகிற எனக்குத் தெரியாது.

அதுவரை உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெயில் ஏறுகிறது, நாம்பன் கம்பி இடுக்கால் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. போகிற வழியில் யாராவது அதற்கு ஒரு வாளி தண்ணீர் வையுங்கள்.