இறுகிய குழாய்

மனைவி வேலை பார்க்கும் தையல் கம்பெனியின் சூப்பர்வைசர் அக்காவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட குழாய் மேஸ்திரியின் காதில் விழுந்ததில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் திட்ட ஆரம்பித்துவிடுவாள்.

அன்று மதியம் மனைவியிடமிருந்து போன். "தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுங்க."

எட்டாம் மாதம். வைத்தியம் மேஸ்திரியிடம் தயாராக இருந்தது. ஐந்தாம் மாதத்தில் எழுந்து நின்றாலே அவளுக்குத் தலை சுற்றியது. பிரஷர் கம்மி, தண்ணீர் நிறையக் குடி, கொஞ்சம் உப்பும் சேர்த்துக்கொள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சரியாகிவிட்டது. குழாய் வேலைக்காரருக்கு பிரஷர் கம்மி என்றால் விளக்கவா வேண்டும்? எலுமிச்சையைப் பிழிந்து, உப்பைத் தாராளமாகப் போட்டு, பாட்டிலும் கையுமாகக் கம்பெனிக்கு ஓடினார்.

வாட்ச்மேன் நாற்காலியில் மனைவி கண்ணை மூடிக் கிடந்தாள். முகம் ஊதியிருந்தது. பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி சூப்பர்வைசர்.

"என்ன அது?"

"உப்பு ஜூஸ்க்கா. இவளுக்கு லோ பிரஷர்."

"எப்பப் பார்த்தது?"

"அஞ்சாம் மாசம்."

"அதையே எட்டாம் மாசம் வரைக்கும் கட்டிக்கிட்டு அழுவியா? மூடு பாட்டிலை. ஊசியில நூல் கோக்க முடியல, கண்ணுல பூச்சி பறக்குதுங்கறா. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு."

"ஒரு வீட்டுல தண்ணியை நிறுத்திட்டு வந்திருக்கேன்க்கா. சாயங்காலம் நானே..."

"தண்ணி இல்லேன்னா பக்கத்து வீட்டுல வாங்கிப்பாங்க. பொண்டாட்டியை நீ யாருகிட்ட வாங்குவே? ஏறு!"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். ஊசி மருந்து ஏற ஆரம்பித்ததும் மேஸ்திரி நர்ஸிடம் போனார்.

"கம்மியாத்தானே இருந்துச்சு, சிஸ்டர்?"

"அப்ப கம்மிதான். கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோன் ரத்தக் குழாயை இளக்கிவிடும். புள்ளைக்கும் சேர்த்து ரத்தம் ஓடணுமே! குழாய் விரிஞ்சா பிரஷர் இறங்கும். இப்ப அதுக்கு நேர்மாறு. இளகியிருக்க வேண்டிய குழாய் இறுகிப்போச்சு, பிரஷர் எகிறிடுச்சு. விட்டா வலிப்பு வந்துடும்."

"முன்னாடி நான் கொடுத்த உப்பாலயா?"

"இல்லைங்க, இது நஞ்சுக்கொடியில ஆரம்பிக்கிற கோளாறு. ஆனா லோ பிரஷர்னு நினைச்சு வீட்டுல படுக்க வெச்சிருந்தா..."

இரும்பு, பிளாஸ்டிக் என்று எத்தனையோ குழாய்களைப் பூட்டிய கை. தானாக இளகித் தானாக இறுகுகிற குழாயை அவர் கேள்விப்பட்டதே இல்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

இருட்டுவதற்குள் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். பூனைக்குட்டி அளவுதான். ஆனால் வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

மனைவி தேறிவந்த பிறகு ஒருநாள் சூப்பர்வைசர் வந்தார். வந்ததும் வராததுமாக மேஸ்திரிக்கு ஒரு அதட்டல். "பெத்தாச்சு, முடிஞ்சுதுன்னு இருந்துடாதே. பிரஷரை விடாம பார்க்கச் சொல்லு. எனக்குப் பெத்த பிறகுதான் ஏறுச்சு. சொல்ல ஆளில்லாம, நான் பொழைச்சதே பெரிய விஷயம்."

அந்த நேரம் பார்த்து நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி முதல்முறையாக வெளியே கொண்டுவந்தார். "அப்பா, கையை நீட்டுங்க."

"அக்காகிட்ட கொடுங்க சிஸ்டர். முதல்ல அவங்க."

"கிறுக்கா உனக்கு? கை கழுவ வேண்டாமா?" என்று சீறிவிட்டு சூப்பர்வைசர் தொட்டிப் பக்கம் போனார். கழுவி முடித்த பிறகும், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி அங்கேயே நின்றார்.