ஒரே மூச்சில் பன்னிரண்டு அசை

...முதல் அசையில் குரலைச் சுத்தியலாய் இறக்கு, மற்றப் பதினொன்றும் தானாக உள்ளே போகும், அவ்வளவுதானே, போன வருஷம் அந்த அவ்வளவுதான் எங்கே போயிற்று? சந்தைத் திடலில் மரப்பெட்டிமேல் நின்ற ஊர் அறிவிப்பாளர் கிரெய்ன் மணியை ஒரு கைக்கு மாற்றி, அறிவிப்புத் தாளை மறு கையில் பிடித்தார். இருபத்தாறு வருஷ மணி, அதோடு வேலையும், இன்றும் சொதப்பினால் பக்கத்தில் நிற்கிற இளைய அறிவிப்பாளன் லேன்டெர்ட்டுக்கு, நகரசபை முடிவு செய்தாயிற்று. நீளமான டச்சுச் சொல்லை ஒரே மூச்சில் முழங்கும் இந்த அறிவிப்பாளர் போட்டியில் தோற்றவனுக்கு மறு வருஷமும் அதே சொல்தான், நடுவர்களின் வழக்கம் அப்படி, நீர்வாரியத் தேர்தல் குழுவின் தலைவரைக் குறிக்கும் அந்த ஒற்றைச் சொல், போன தடவை மூச்சை நடுவில் கொட்டி, ஐந்தாம் அசையில் முட்டி, ஏழாவதில் இருமி, மிச்சத்தைத் திடலே சிரித்துச் சொல்லி முடித்த சொல்... "என்ன கிரெய்ன் அண்ணே, இந்தத் தடவையும் பாதி வழியில எறங்கிடுவீங்களா?" லேன்டெர்ட்தான். "நீ டிக்கெட்டப் பத்திரமா வெச்சுக்க தம்பி." வாய் சொன்னது, வயிறு நம்பவில்லை. குளிர்காலம் முழுக்கக் கடலணைமேல் சைக்கிள், எதிர்க்காற்று, மிதிக்கு ஓர் அசை, ஒருநாள் முதல் அசையை அடித்த அடியில் காற்றாலை அரைச்சுற்றுப் பின்னால் சுற்றியது, பார்த்தவை பதினொரு மாடுகள், மாடுகள் பொய் சொல்லுமா? கூட்டத்திலிருந்து மனைவி நெல்லா, கையில் பாதி தின்ற ஹெர்ரிங் மீன், "சொல்லித் தொலைங்களேன், மீனு ஆறிப்போகுது!" உப்பிட்ட பச்சை மீன் எப்படி ஆறும், இவளை... சிரிப்பு வந்தது, சிரிப்பில் வயிறு திறந்தது, திறந்த வயிற்றில் திடலின் காற்றெல்லாம் புகுந்தது, இப்போதுதான், இப்போதேதான்,

வா! தெர்-ஸ்காப்ஸ்-ஃபெர்-கீ-சிங்ஸ்-கொ-மி-சி-ஃபோர்-சி-தெர்! சொல்லின் தலையில் இடி, பின்னால் வாத்துக் குஞ்சுகள்போல வரிசையாக, கீயில் ஒரு சின்ன மிதி, மியில் ஒன்று, ஃபோரில் ஒன்று, ஒன்றுகூடத் தடுக்கி விழவில்லை, கோபுரத்துப் புறாக்கள் எழும்பின, மீன் கடைக்காரனின் கூடாரம் ஓர் அங்குலம் நகர்ந்தது, நடுவர் மூவரும் பத்து, பத்து, பத்து. லேன்டெர்ட் முக்கோணத் தொப்பியைக் கழற்றி, "ஒத்துக்கிறேன் அண்ணே, மணி உங்களுதுதான்," என்றான். கிரெய்ன் மணியை அடித்தார், மறுபடி அடித்தார், நெல்லா மீனை உயர்த்தி ஆட்டினாள், யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள், எழுபத்தொரு வயசில் இவ்வளவு உயரமா... அங்கிருந்துதான் கையிலிருந்த தாள் கண்ணில் பட்டது, அந்தச் சொல்லுக்குக் கீழே இன்னும் ஐந்து வரி, அறிவிப்பே அதில்தான், படிக்கவே இல்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை... அந்தத் தலைவருக்கு என்னதான் ஆயிற்று? ராஜினாமாவா, பரிசா, சாவா? முதல் வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டாமல், அந்த ஐந்து வரிக்காக இன்னும் காத்திருப்பவர்போல...